நடக்காத பயிற்சியை நடந்ததாக எழுதாதீர்கள்: சமுதாயக் கல்லூரி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும், சமுதாயக் கல்லூரி ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கும், நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

2022 பிப்ரவரி 7ஆம் தேதி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டு, அன்று மாலையே எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கும் படமாக வந்து சேர்ந்த சுற்றறிக்கையை எங்களால் ஏற்க முடியவில்லை. வாரத்தில் ஆறு நாளும் காலை 9.30 மணி முதல் மாலை 4 மணி வரை அனைவரும் நேரில் வர வேண்டும் என்றும், 75 சதவீத வருகை இல்லாதவர்கள் அபராதம் கட்டினால்தான் தேர்வு எழுதலாம் என்றும், முதல் மூன்று பருவங்களுக்குரிய செய்முறைப் பயிற்சி இணையவழியில் நிறைவு செய்யப்பட்டதாகக் கொள்ளப்படும் என்றும், இரண்டு மாதமாக இருந்த மருத்துவமனைப் பயிற்சி இனி 15 நாள் பார்வையிடலாக மட்டும் இருக்கும் என்றும் அது சொல்கிறது. இவற்றில் ஒன்றைப் பற்றியும் மாணவர்கள் யாரிடமும் ஒரு சொல் கேட்கப்படவில்லை.

கல்லூரி திறந்ததை நாங்கள் எதிர்க்கவில்லை. திறக்க வேண்டும் என்று சேர்ந்த நாளிலிருந்தே காத்துக் கிடந்தவர்கள் நாங்கள்தான். ஆனால் கையால் மட்டுமே கற்க முடிகிற பயிற்சியை முடிந்துவிட்டதாக எழுதி மூடிவிட்டு, வீட்டிலிருந்தும் கேட்க முடிகிற கோட்பாட்டு வகுப்புகளுக்காக, வேலையையும் கூலியையும் விட்டுவிட்டு ஆறு நாளும் வா என்று அழைப்பது, எங்களுக்கு எது வேண்டுமோ அதைப் பறித்துக்கொண்டு எது முடியாதோ அதைக் கட்டாயமாக்குவதாக இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் மருத்துவ ஆய்வக நுட்ப உயர் பட்டய (அட்வான்ஸ்டு டிப்ளமோ) வகுப்பில் நான்காம் பருவம் படிக்கிறேன். முக்கூடலை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து பாளையங்கோட்டைக்கு வருகிறேன். 2012இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் எட்டு ஆண்டுகள் அம்மாவோடு பீடி சுற்றினேன். திருமணம் ஆனது, மகள் பிறந்தாள், அப்போதும் பீடி சுற்றும் சுளவு (முறம்) மடியில்தான் இருந்தது. 2020 நவம்பரில், ஊரடங்கில் பீடி வேலை தடுமாறிக் கிடந்த நேரத்தில், உங்கள் கல்லூரியின் துண்டறிக்கை ஒன்று என் கைக்கு வந்தது. வயது வரம்பு இல்லை, இடையில் படிப்பை விட்டவர்கள் சேரலாம், பாதியில் நிறுத்தினாலும் அதுவரை படித்ததற்குச் சான்றிதழ் உண்டு, கைத்தொழிலாகக் கற்றுத் தரப்படும் என்று அதில் இருந்தது. அந்தக் கடைசி வரியை நம்பித்தான் கம்மலை அடகு வைத்து முதல் பருவக் கட்டணத்தைக் கட்டினேன்.

கைத்தொழில் எவ்வளவு கற்றுத் தரப்பட்டது என்பதை இப்போது கணக்குப் பார்க்கிறேன். சமுதாயக் கல்லூரிகளுக்கும் தொழிற்கல்விப் பட்டங்களுக்கும் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த கட்டமைப்பில், உயர் பட்டயத்துக்கு மொத்தம் 120 தகுதிப் புள்ளிகள் (கிரெடிட்). அவற்றில் 72 திறன் பயிற்சிக்கு, 48 பொதுக் கல்விக்கு. ஒரு புள்ளி என்பது 60 நிமிடம் கொண்ட 15 பாடவேளைகள். ஆகவே முழுப் படிப்புக்கும் திறன் பயிற்சி மட்டும் 1,080 மணி நேரம். அதை நான்கு பருவங்களுக்குச் சமமாகப் பிரித்தால், மூன்று பருவம் முடித்தவருக்கு 810 மணி நேரம் நடந்திருக்க வேண்டும்.

என் ரெக்கார்டு நோட்டையும் நான் ஆய்வகத்துக்கு வந்த நாட்களைக் குறித்து வைத்திருக்கும் நாட்காட்டியையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கூட்டிப் பார்த்தேன். 2021 பிப்ரவரி 8ஆம் தேதி எல்லா ஆண்டு மாணவர்களுக்கும் கல்லூரி திறந்தது. மார்ச்சில் மறுபடி மூடினார்கள். அந்த ஆறு வாரத்துக்குள் எனக்குக் கிடைத்த ஆய்வக நேரம் 70 மணியைத் தாண்டாது. இரண்டாம் அலை வந்தது. செப்டம்பர் 1ஆம் தேதி மீண்டும் திறந்தபோது வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொன்னார்கள், அதில் டிசம்பர் வரை சுமார் 150 மணி. ஜனவரியில் மறுபடி மூடல். ஆக மொத்தம் 220 மணி நேரம். 810க்கும் 220க்கும் இடையில் இருக்கும் 590 மணி நேரத்தைத்தான் நீங்கள் ஒரு வரியில் நிறைவு செய்யப்பட்டதாகக் கொள்கிறீர்கள்.

அந்த நேரத்தில் நாங்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும், ஆசிரியர்களும் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மணிக்கணக்கில் ஊதியம் பெறும் எங்கள் ஆசிரியை, கல்லூரி மூடியிருந்த மாதங்களில் அந்த ஊதியமும் ஒழுங்காக வராத நிலையில், தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சைக்கிள் வால்வு டியூபில் குங்குமத் தண்ணீரை நிரப்பி, அதை ஒரு பஞ்சுத் துணிக்கு அடியில் மறைத்து வைத்து, ஊசியை எந்தச் சாய்வில் நுழைப்பது என்று கைபேசி முன்னால் செய்து காட்டினார். நானும் அதுபோல ஒரு டியூபை வாங்கிக் கட்டி வைத்துக்கொண்டு, மகள் தூங்கிய பிறகு குத்திக் குத்திப் பழகினேன். வீட்டில் இருந்தது ஒரே கைபேசி. பகலில் கணவர் லோடு ஏற்றப் போகும்போது அது அவரோடு போய்விடும், மாலையில் மகளின் பள்ளிக் குழுவுக்கு வேண்டும். எனவே என் வகுப்பின் காணொளிகளை நான் பார்த்ததெல்லாம் இரவு பத்து மணிக்கு மேல், மொட்டை மாடியில், சிக்னல் கிடைக்கிற மூலையில் நின்றுகொண்டு.

டியூபில் குத்தினால் கைக்குச் சாய்வு பழகும், அவ்வளவுதான். ஊசி தொட்டதும் வழுக்கி நகர்கிற இரத்த நாளத்தை அது கற்றுத் தராது. நீர்ச்சத்து குறைந்து கிடக்கும் முதியவர் கையில் நாளத்தை விரல் நுனியால் தேடுவதை, சர்க்கரை நோயாளியின் தடித்த தோலை, அழுகிற குழந்தையை, ஊசியைக் கண்டதும் மயங்கி விழுகிற வாலிபனை அது காட்டாது. ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லின் ஓரத்தில் வைத்து, இன்னொரு சில்லைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் நாக்கு வடிவில் பரப்ப வேண்டும். கை தயங்கினால் படலம் தடித்துப் போகும், மைக்ராஸ்கோப்பில் அணுக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அந்த ஒரு இழுப்பு எனக்குச் சரியாக வந்தது முப்பதாவது சில்லிலோ நாற்பதாவது சில்லிலோதான். முப்பது சில்லுகளைக் கெடுக்கிற வாய்ப்பு காணொளியில் இல்லை.

இரண்டாம் பருவத்தில் இரத்த மாதிரி சேகரிப்புச் செய்முறைத் தாளில் எனக்கு 82 மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள். கூகுள் படிவத்தில் வந்த கேள்விகளுக்கு விடை சொல்லி வாங்கிய மதிப்பெண் அது. கடந்த நவம்பரில் எங்கள் பகுதியில் ஒரு சிறிய இரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை வேலைக்குச் சேர்ந்தபோது, அந்த மதிப்பெண் பட்டியலைப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டார்கள். முதலில் ரசீது எழுதும் வேலை. இரண்டாவது வாரம், வழக்கமாக இரத்தம் எடுப்பவர் வராத ஒரு நாளில், "நீயும் படிச்சவதான, எடும்மா" என்றார் உரிமையாளர். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி வெறும் வயிற்றோடு காத்திருந்தார். நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. முதல் குத்தில் நாளம் நழுவியது. இரண்டாவது குத்தில் இரத்தம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, பதற்றத்தில் சிரிஞ்சை வேகமாக இழுத்தேன். முழங்கை மடிப்பில் கண் முன்னாலேயே நீலமாக வீங்கியது. அந்தப் பாட்டி என்னைத் திட்டவில்லை. "பரவால்ல தாயி, படிக்கப் புள்ளதான" என்று சொல்லிவிட்டு மற்றொரு கையை நீட்டினார். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

வேகமாக இழுத்த அந்த மாதிரியைச் சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழற்சிக் கருவியில் சுற்றி எடுத்தபோது, மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய சீரம் என்ற நீர்ப்பகுதி இளஞ்சிவப்பாக நின்றது. சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன என்று பொருள். அப்படி உடைந்தால் அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து, நோயாளிக்கு இல்லாத பொட்டாசியம் அறிக்கையில் கூடிக் காட்டும். அதைப் பார்த்து ஒரு மருத்துவர் மருந்தை மாற்றினால் என்ன ஆகும் என்று உங்கள் குழுவில் இருக்கும் மருத்துவமனைப் பிரதிநிதிக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த மாதிரியைத் தள்ளிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். அது எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், செப்டம்பருக்குப் பின் கிடைத்த அந்த 150 மணி நேரத்தில் ஒரு மதியம், எங்கள் ஆசிரியை சிவந்த சீரத்தையும் மஞ்சள் சீரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதுதான். அப்படிப்பட்ட மதியங்களைத்தான் நாங்கள் திருப்பிக் கேட்கிறோம்.

இதில் விதியும் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. மானியக் குழுவின் அதே வழிகாட்டு நெறிகள், மின்பாடங்களைக் கொண்டு மாணவர் தாமே கற்கும் நேரத்துக்கு, வகுப்பறை அல்லது பயிற்சிக்கூட நேரத்துக்குத் தருவதில் பாதி மதிப்போ அதற்கும் குறைவான மதிப்போதான் தர வேண்டும் என்கின்றன. எங்களுக்கு வந்தவை பெரும்பாலும் காணொளி இணைப்புகளும் கூகுள் படிவங்களுமே. அவற்றை ஆய்வக நேரத்துக்கு முழுச் சமமாக, ஒன்றுக்கு ஒன்றாக எழுதிக்கொள்ள எந்த நெறி இடம் தருகிறது என்று சொல்லுங்கள். பெருந்தொற்றுக் காலம் என்பதற்காகக் கோட்பாட்டுத் தேர்வுகளில் பல விதிவிலக்குகள் தரப்பட்டன, அதை நாங்களும் பெற்றோம், அதற்கு நன்றியும் உண்டு. ஆனால் ஊசிக்கு விதிவிலக்கு கொடுக்க முடியாது.

செப்டம்பரில் ஆய்வகத்தைத் திறந்தபோது நாங்கள் பார்த்ததையும் பதிவு செய்கிறேன். எட்டு மைக்ராஸ்கோப்புகளில் மூன்றின் வில்லைகளில் பூஞ்சை படர்ந்திருந்தது. சாயப் புட்டிகளும் பரிசோதனைக் கிட்டுகளும் பாதிக்கு மேல் காலாவதியாகியிருந்தன. ஒரு சென்ட்ரிஃபியூஜின் கம்பியை எலி கடித்திருந்தது. இன்று வரை அவற்றில் ஒரு மைக்ராஸ்கோப் மட்டுமே சரி செய்யப்பட்டிருக்கிறது. மூடியிருந்த பருவங்களுக்கும் சேர்த்துப் பருவத்துக்கு 1,500 ரூபாய் ஆய்வகக் கட்டணத்தை எங்களிடம் வாங்கியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தை ஒவ்வொருவருக்கும் திருப்பித் தரச் சொல்லவில்லை. அதை வைத்து வில்லையைத் துடையுங்கள், சாயம் வாங்குங்கள் என்றுதான் சொல்கிறோம்.

இனி, நேரத்தைப் பற்றி. இந்தச் சுற்றறிக்கை வந்த மறுநாளிலிருந்து நான் எங்கள் வகுப்பின் 28 பேரிடமும், பக்கத்துக் கூடங்களில் குளிர்சாதனப் பழுதுநீக்கமும் தையலும் படிக்கிறவர்களிடம் எட்டிய அளவிலும் பேசினேன். எல்லோரும் ஒரே கருத்தில் இல்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். எல்லாமே இணையவழியில் இருந்துவிட்டுப் போகட்டும் என்றவர்களும் உண்டு, ஒரு நாள்கூட இணையவழி வேண்டாம் என்றவர்களும் உண்டு.

இணையவழி வேண்டாம் என்றவர்களில் பெரும்பாலோர் திருமணமாகாத பெண்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணம் படிப்பைப் பற்றியது மட்டும் அல்ல. வீட்டில் இருந்தால் பீடி இலை மடியில் வந்து விழும், வந்தவர் போனவரெல்லாம் மாப்பிள்ளை பேசுவார்கள், கல்லூரி திறந்திருந்தால்தான் நான் படிக்கிறவள் என்பது வீட்டுக்கே நினைவிருக்கும் என்றாள் ஒருத்தி. அவள் சொன்னது பொய்யில்லை. எங்களோடு சேர்ந்து, முதல் ஆறு வாரத்தில் எல்லோரையும் விட அழகாகச் சில்லு இழுத்த ஒரு பெண்ணுக்கு 2021 ஜூனில் வீட்டு வாசலில் இருபது பேர் கூடித் திருமணம் முடிந்தது. செப்டம்பரில் அவள் திரும்பவில்லை. அவள் பெயர் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் அடிக்கப்பட்டதைத் தவிர, கல்லூரியிலிருந்து யாரும் அவளைக் கூப்பிட்டு ஏன் வரவில்லை என்று கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

ஆறு நாளும் வர முடியாது என்றவர்களின் கதை வேறு. ஒருவன் தன் தந்தையை 2021 மே மாதத்தில் தொற்றுக்குப் பறிகொடுத்தான். இப்போது ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறான், தம்பி பத்தாம் வகுப்பு. வாரத்தில் இரண்டு நாள் விடுப்பும், மற்ற நாட்களில் ஒரு வேளை தளர்வும் கடையில் கேட்டுப் பெற முடியும், ஆறு நாளும் என்றால் வேலையை விட வேண்டும், வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது என்றான். இன்னொரு பெண்ணின் தாய்க்கு வாரம் இருமுறை டயாலிசிஸ், கூடப் போக வேறு ஆள் இல்லை. என் கதையையும் சொல்லிவிடுகிறேன். காலை 6 மணி முதல் 9.30 வரை பரிசோதனை நிலையம், மாதம் 4,500 ரூபாய். அங்கிருந்து கிளம்பிப் பேருந்து பிடித்து வந்தால் 11 மணிக்கு முன் கல்லூரி வாசலை மிதிக்க முடியாது. அந்த நிலையத்தில் நான் இப்போது தினமும் பத்துப் பேரிடமாவது மாதிரி எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன், குழாய்களை அடுக்குகிறேன், ஊதா மூடிக் குழாயை மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குகிறேன். உங்கள் பதிவேட்டில் அந்த நேரம் எனக்கு வராத நேரம்.

குளிர்சாதனப் பிரிவில் ஒரு தம்பி இதைவிடக் கூர்மையாகக் கேட்டான். ஊரடங்கு முழுவதும் அவன் ஒரு மெக்கானிக்கோடு சேர்ந்து வீடு வீடாக ஏசி கழற்றி மாட்டினான், செம்புக்குழாயைப் பற்றவைத்தான், கேஸ் நிரப்பினான். கல்லூரியில் இந்தக் கருவிகளைத் தொட்டதைவிட வெளியில் பலமடங்கு தொட்டிருக்கிறான். இப்போது அவனுக்கும், வீட்டில் காணொளி பார்த்தவனுக்கும் ஒரே வரியில் நிறைவு என்று எழுதப்பட்டிருக்கிறது. "நான் செஞ்சத சோதிச்சுப் பாத்து மார்க் போடுங்கக்கா, பாக்காம போடுற மார்க் எனக்கு எதுக்கு" என்றான். வேலையில் கற்றதைச் சோதித்து அங்கீகரிக்கும் முறை தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்த இதைவிடப் பொருத்தமான காலம் வரப்போவதில்லை.

பயணத்தையும் எண்ணிப் பாருங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது எங்களில் பலருக்கு உண்மையான உதவி. ஆனால் எல்லா ஊருக்கும் எல்லா நேரமும் அந்தப் பேருந்து வருவதில்லை. சேரன்மகாதேவிப் பக்கமிருந்து ரயிலில் வந்த மாணவர்களுக்கோ, பயணிகள் ரயில்கள் விரைவு ரயில் என்ற பெயரில் திரும்பி வந்தபோது 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய் ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு 60 ரூபாய். வாரத்துக்கு ஆறு நாள் என்று ஒரு சுற்றறிக்கையில் எழுதுவது எளிது.

கடந்த நவம்பரில் மதுரையிலும் சென்னையிலும் இன்னும் பல ஊர்களிலும் மாணவர்கள் தேர்வை இணையவழியில் நடத்தச் சொல்லிப் போராடினார்கள். எங்கள் கோரிக்கையையும் அதோடு சேர்த்து, நேரில் வர மனமில்லாதவர்களின் சாக்கு என்று எங்கள் துறையிலேயே ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் செய்முறைத் தேர்வை நேரில் வையுங்கள் என்று நாங்கள் கேட்கிறோம். இரத்தம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள், சில்லில் இரத்தத்தைப் பரப்பி ஸ்மியர் போடச் சொல்லிப் பாருங்கள், அணுக்களை எண்ணச் சொல்லிப் பாருங்கள். அதற்கு முன் கற்றுக் கொடுங்கள்.

சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாடே இந்த மண்ணில் எதற்கு வந்தது என்பதை நிர்வாகக் குழுவில் இருக்கும் மூத்தவர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். 1995இல் புதுவைப் பல்கலைக்கழகமும், 1996இல் சென்னை-மயிலைக் கத்தோலிக்க உயர்மறைமாவட்டமும் தொடங்கியபோது, வழக்கமான கல்லூரியின் நேரத்துக்கும் கட்டணத்துக்கும் தகுதிக்கும் பொருந்தாமல் வெளியே நின்றவர்களை உள்ளே கொண்டுவரத்தான் தொடங்கினார்கள். பாடத்திலும் நேரத்திலும் நெகிழ்வு என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. பெருந்தொற்றுக்கு முன்பு உங்கள் கல்லூரியிலும் மாலை 5 மணி முதல் 8 மணி வரை ஒரு பிரிவு இருந்தது என்று முன்னாள் மாணவர்கள் சொல்கிறார்கள். அதே கல்லூரி இப்போது, எங்கள் வீடுகள் இதுவரை இல்லாத அளவுக்கு உடைந்து கிடக்கிற நேரத்தில், பட்டப்படிப்பு வகுப்பின் கால அட்டவணையை எடுத்து எங்கள் தலையில் வைத்திருக்கிறது.

மருத்துவமனைப் பயிற்சி பற்றி இன்னும் ஒன்று. நுழைவாயிலில் கொரோனா தடுப்பூசிச் சான்றிதழைப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறீர்கள், அது சரியே. ஆனால் நாளெல்லாம் இரத்தத்தோடும் ஊசியோடும் இருக்கப்போகிற எங்களுக்கு, இரத்தத்தால் பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. மூன்று தவணை, முதல் தவணைக்கும் கடைசித் தவணைக்கும் ஆறு மாத இடைவெளி. வகுப்பில் விசாரித்தபோது, போட்டிருக்கிறேன் என்று உறுதியாகச் சொன்னவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இது நாங்கள் சேர்ந்த வாரத்திலேயே தொடங்கியிருக்க வேண்டிய காரியம்.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

செய்முறைப் பயிற்சி நிறைவு செய்யப்பட்டதாகச் சொல்லும், சுற்றறிக்கையின் மூன்றாவது பத்தியைத் திரும்பப் பெறுங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் நேரில் நடந்த பயிற்சி எத்தனை மணி, இணையவழியில் எத்தனை மணி என்று தனித்தனியாகக் கணக்கெடுத்து, அந்தக் கணக்கை எங்களிடம் காட்டி, நாங்கள் ஒப்புக்கொண்டபின் கையொப்பம் வாங்குங்கள். விடுபட்ட ஆய்வகப் பயிற்சியை வரும் பருவத்திலும் கோடை விடுமுறையிலும் நடத்துங்கள். அதற்காகச் சான்றிதழ் மூன்று நான்கு மாதம் தாமதமானாலும் பொறுத்துக்கொள்வோம் என்று எங்கள் வகுப்பில் நான் கேட்ட 28 பேரில் 23 பேர் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள், அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. அந்தக் கூடுதல் மாதங்களுக்குத் தனிக் கட்டணம் வாங்காதீர்கள், பயிற்சி தரும் மணிநேர ஆசிரியர்களுக்கு அந்தந்த மாதமே ஊதியம் கொடுங்கள்.

நேரில் வரும் நாட்களை வாரத்தில் மூன்றாக்கி, அந்த மூன்று நாளையும் முழுமையாக ஆய்வகத்துக்கும் பயிற்சிக்கூடத்துக்கும் ஒதுக்குங்கள். அவற்றை 11 மணிக்குத் தொடங்குங்கள், அல்லது மாலைப் பிரிவைத் திரும்பத் திறந்து எது வேண்டும் என்று தெரிவு செய்ய விடுங்கள். பொதுக் கல்விப் பாடங்களை இணையவழியில் நடத்தி, பதிவையும் கொடுங்கள். வீட்டில் இடமோ கைபேசியோ இல்லாதவர்களுக்கு அந்த நேரத்தில் கல்லூரியின் கணினி அறையைத் திறந்து வையுங்கள், குறிப்பாகப் பெண்களுக்கு. 2022 ஜூன் வரை வருகைக் குறைவுக்கான அபராதத்தை நிறுத்தி வைத்து, துறை சார்ந்த வேலையில் இருப்பவர்களின் பணிநேரத்தைச் சோதித்துப் பயிற்சியாக ஏற்றுக்கொள்ள ஒரு முறையை வகுத்துக் கொடுங்கள்.

மருத்துவமனைப் பயிற்சியைப் பழையபடி இரண்டு மாதமாக, மேற்பார்வையின் கீழ் நாங்களே மாதிரி எடுத்துப் பழகுவதாக நடத்துங்கள். அதற்கு முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் முதல் தவணையையாவது அனைவருக்கும் போட இந்த மாதமே ஏற்பாடு செய்யுங்கள். பூஞ்சை பிடித்த மைக்ராஸ்கோப்புகளும் எலி கடித்த சென்ட்ரிஃபியூஜும் மார்ச் 15க்குள் சரியாகி இருக்க வேண்டும்.

செப்டம்பரில் திரும்பி வராதவர்களின் பட்டியல் உங்களிடம் இருக்கிறது. ஒவ்வொருவரையும் தொலைபேசியிலோ நேரிலோ தொடர்புகொண்டு, எங்கே விட்டார்களோ அந்தப் பருவத்திலிருந்து மறுகட்டணம் இல்லாமல் சேர்ந்து படிக்கலாம் என்று சொல்லுங்கள். அவர்களின் வீட்டுக்குப் போக ஆள் தேவைப்பட்டால் எங்களில் நான்கு பேர் வரத் தயாராக இருக்கிறோம்.

இந்த முடிவுகளை எடுக்கும் கூட்டத்தில் மாணவர் பிரதிநிதிகள் இருவரை, அவர்களில் ஒருவர் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவராக, உட்கார வையுங்கள். பிப்ரவரி 28ஆம் தேதிக்குள் உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம். அதுவரை ஆய்வக வகுப்புகள் எதையும் நாங்கள் தவறவிட மாட்டோம். நிறைவு செய்யப்பட்டதாகக் கையெழுத்துக் கேட்டு வரும் படிவத்தில் மட்டும் கையெழுத்திட மாட்டோம்.

இப்படிக்கு,
மருத்துவ ஆய்வக நுட்ப உயர் பட்டய மாணவி, நான்காம் பருவம்
பாளையங்கோட்டை, பிப்ரவரி 2022